திரையில் தெரியும் மேய்ப்பன்

சென்ற ஆண்டு கிராமப்புறப் பங்கு ஒன்றின் பேரவைக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அந்தப் பங்கிற்கு ஆறு கிளை ஊர்கள், பங்குத்தந்தையோ ஒருவர். ஞாயிறுதோறும் தாய்ப் பங்கில் ஒரு திருப்பலி, கிளை ஊர்களில் இரண்டு என்று அவர் ஓடிக்கொண்டே இருந்தாலும், ஓர் ஊரின் முறை மீண்டும் வருவதற்கு மூன்று வாரங்கள் ஆகிவிடுகின்றன. இதற்கு என்ன வழி என்பதே அன்றைய பேச்சு.

அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். அங்குள்ள பெரிய சபைகள் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டன என்றார். ஒரே போதகர் ஓரிடத்தில் நின்று பேசுகிறார். பத்து, இருபது, நாற்பது கூடங்களில் மக்கள் அவரைத் திரையில் கண்டு கேட்கிறார்கள். “நாம் ஆறு திரை வாங்கினால் போதும். சாமியுடைய பிரசங்கம் ஆறு ஊரிலும் ஒரே நேரத்தில் கேட்கும். நற்கருணையைப் பணியாளர் கொண்டுபோய்க் கொடுக்கலாம்” என்றார். பலர் தலையசைத்தனர். செலவு எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். நன்கொடை திரட்டலாம் என்றார் மற்றொருவர்.

பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் மெல்லக் கேட்டார்: “தம்பி, தெரையில நாங்க சாமியப் பாப்போம், சரி. சாமி எங்களப் பாப்பாரா?”

அவையில் சிரிப்பு எழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இளைஞரின் அக்கறையை நாம் ஐயுறவில்லை. ஊருக்கு நல்லது செய்யவேண்டும் என்றே அவர் பேசினார். ஆயினும் அன்று கேட்கப்பட்ட கேள்விகளுள் மேய்ப்புப் பணியைத் தொட்ட கேள்வி அந்த மூதாட்டியினுடையது ஒன்றே. அவருடைய பக்கம் நின்றே இதை எழுதுகிறோம்.

அங்கே நடப்பது என்ன?

இளைஞர் சொன்னது பொய்யன்று. 1998ஆம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்தின் விஸ்டா நகரிலுள்ள நார்த் கோஸ்ட் சபை, தன் கூடத்தில் இடம் போதாத நிலையில் மக்களில் ஒரு பகுதியினரை வேறொரு கூடத்தில் அமர்த்தியது. அங்கே பாடல் நேரடியாக. மறையுரை மட்டும் திரையில். இடநெருக்கடிக்காகச் செய்த ஏற்பாட்டை மக்கள் விரும்பியே ஏற்றுக்கொண்டார்கள். 2001இல், ஒக்லஹோமா மாநிலத்து லைஃப் சர்ச் சபையின் போதகர் கிரெய்க் க்ரோஷெல், தம் குழந்தை பிறந்த வேளையில் மேடையேற இயலாமற் போனார். பதிவு செய்யப்பட்டிருந்த அவருடைய உரையைத் திரையிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை. 1996இல் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் தொடங்கிய அந்தச் சபைக்கு இன்று பல மாநிலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வளாகங்கள் இருக்கின்றன. தென் கரோலினாவின் சீகோஸ்ட் சபையோ, தன் கட்டடத்தை விரிவாக்க உள்ளூர் நிர்வாகம் இசையாத நிலையில், 2002 முதல் வேறிடங்களில் கிளை பரப்பத் தொடங்கியது.

நடைமுறை எளிது. ஒவ்வொரு வளாகத்திலும் ஒரு பாடகர் குழு உண்டு. வளாகப் போதகர் ஒருவரும் உண்டு. அவர் மக்களை வரவேற்பார், செபிப்பார், அறிவிப்புகளைச் சொல்வார். பிறகு விளக்குகள் மங்கும். பெரிய திரையில் தலைமைப் போதகர் ஆளுயரத்திற்குத் தோன்றுவார். சில இடங்களில் அது நேரலை. சில இடங்களில் முன்னரே பதிவு செய்யப்பட்டது. உரை முடிந்ததும் விளக்குகள் ஒளிரும். வளாகப் போதகர் மீண்டும் வந்து வழிபாட்டை முடித்துவைப்பார்.

நன்மைகளை மறைக்கவேண்டாம்

ஒரு முறையை எதிர்ப்பவர் அதன் நன்மைகளை மறைத்துவிட்டு எதிர்த்தால், அந்த எதிர்ப்பு நேர்மையற்றது. எனவே நன்மைகளை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கோடிக்கணக்கில் கடன் வாங்கி மாபெரும் ஆலயம் எழுப்பும் சுமையை இம்முறை குறைக்கிறது. ஒரு பள்ளிக்கூட அரங்கையோ, காலையில் வெறுமனே கிடக்கும் திரையரங்கையோ வாடகைக்கு எடுத்தால் போதும். ஆலயப் படியேறத் தயங்குகிற ஒருவர் திரையரங்கின் படியைத் தயங்காமல் ஏறிவிடுவார் என்பதும் உண்மையே. முதியவர்கள் சிலரே எஞ்சி, மூடும் நிலையிலிருந்த சிறு சபைகள் பெரிய சபையோடு இணைந்து மறுவாழ்வு பெற்றதும் உண்டு. வாரந்தோறும் உரை தயாரிக்கும் கடமை வளாகப் போதகருக்கு இல்லையாதலால், நோயுற்றோரைச் சந்திக்கவும் குடும்பங்களை விசாரிக்கவும் அவருக்கு நேரம் கிடைக்கிறது.

தொழில்நுட்பத்தைத் துணிந்து கையாளும் இந்த மனப்போக்கிலிருந்து பிறந்த நற்கனிகளும் உள. நம் வாசகர்கள் பலருடைய கைப்பேசியில் இருக்கும் யூவெர்ஷன் என்னும் திருவிவிலியச் செயலியை 2008இல் உருவாக்கி இலவசமாக வழங்கியது அதே லைஃப் சர்ச் சபைதான். அதற்கு நன்றி சொல்லவே வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்வோம். நம் ஆலயங்களில் ஒலிக்கும் மறையுரைகள் எல்லாம் ஆயத்தத்தோடு வருபவையல்ல. ஞாயிறு காலை பலிபீடத்திற்கு வரும் வழியில் யோசித்ததைச் சொல்லி முடிக்கும் உரையைக் கேட்டுச் சலித்த ஒருவர், “இதைவிடத் திரையில் ஒரு நல்ல போதகரைக் கேட்பேன்” என்று சொன்னால், அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை.

இத்தனையும் உண்மையாயிருந்தும் நாம் எதிர்க்கிறோம். ஏன்?

அறியாத மேய்ப்பன்

யோவான் நற்செய்தியில் நல்ல ஆயனைப் பற்றி ஆண்டவர் பேசும் பகுதியை நினைத்துப் பாருங்கள். அங்கே அறிதல் இருபுறமும் நிகழ்கிறது. ஆடுகள் ஆயனின் குரலை அறிகின்றன; ஆயனும் தன் ஆடுகளை அறிகிறார், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார். திரை இந்த உறவைப் பாதியாக வெட்டிவிடுகிறது. மக்கள் போதகரை அறிவார்கள். அவருடைய சிரிப்பு, அவருடைய பிள்ளைகளின் பெயர், அவர் விரும்பி உண்ணும் பண்டம்கூட அவர்களுக்குத் தெரியும். அவருக்கோ அவர்களில் ஒருவரையும் தெரியாது.

வெள்ளிக்கிழமை இரவு ஓர் ஊரில் கடன் தாங்காமல் ஒரு குடும்பத் தலைவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை அடக்கம். ஞாயிறு காலை அந்த ஊர் முழுவதும் ஆலயத்தில் கூடியிருக்கிறது. அந்த ஊரோடு வாழும் குரு, தயாரித்து வைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டு, கண்ணீரோடு நிற்பார். என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் நிற்பதே அன்றைக்கு ஒரு மறையுரை. திரையில் தோன்றுபவரோ அறுபது கல் தொலைவிலிருந்து, திட்டமிட்டபடி, இல்லற மகிழ்ச்சியைப் பற்றிய தொடர் உரையின் மூன்றாம் பகுதியை நகைச்சுவையோடு தொடங்குவார். அவர்மேல் குற்றமில்லை. அவருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை.

“அதற்குத்தான் வளாகப் போதகர் இருக்கிறாரே” என்பார்கள். நம் எதிர்ப்பு கூர்மையடைவது இங்கேதான். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்தவர் அவர். பிணத்தோடு கல்லறைவரை நடந்தவர் அவர். கணவன் மனைவி பிணக்கைத் தீர்க்க நள்ளிரவில் கதவைத் தட்டியவர் அவர். இறைவார்த்தையை விளக்கும் நேரம் வரும்போது மட்டும் அவர் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும்! மக்களோடு வாழ்பவருக்குப் பேச உரிமையில்லை. பேசுபவருக்கு மக்களோடு வாழ்வில்லை. வார்த்தை மனுவுருவானது என்று அறிக்கையிடுகிற நாம், உருவத்தை ஓரிடத்திலும் வார்த்தையை வேறிடத்திலும் வைக்கும் ஓர் ஏற்பாட்டை எப்படி ஏற்போம்?

வாய் ஒன்று, மௌனம் நாற்பது

இரண்டாவது காரணம், நாளைய தலைமுறையைப் பற்றியது. நாற்பது வளாகங்களில் ஒருவரே பேசினால், முப்பத்தொன்பது பேர் பேசக் கற்பதில்லை. மறையுரை என்பது பிறக்கும்போதே வாய்க்கும் வரமன்று. பத்து ஆண்டுகள் தடுமாறி, மக்களின் கொட்டாவியைக் கண்டு நாணி, ஒரு தாயின் கண்ணில் துளிர்த்த நீரைக் கண்டு திருந்தி, மெல்ல மெல்லக் கைவருவது. அந்தத் தடுமாற்றத்திற்கு இடமில்லாத சபையில் அடுத்த போதகர் எங்கிருந்து வருவார்?

மேலும், ஆகச் சிறந்த பேச்சாளரின் உரை மட்டுமே மக்களுக்கு உரியது என்னும் எண்ணம் வந்துவிட்டால், மறையுரை ஒரு சரக்காகிவிடுகிறது. சரக்கைத் தரம் பார்ப்பவர் அடுத்த கடைக்கும் போவார். இன்று தன் வளாகத்துத் திரையில் பார்ப்பவர், நாளை அதே உரையை வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி பார்க்கலாமே என்று எண்ணுவார். நாளை மறுநாள் வேறொரு நாட்டின் இன்னும் சிறந்த பேச்சாளரைத் தேடுவார். தவறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திரையைப் பார்ப்பதே வழிபாடு என்று கற்பித்தவர்கள், எந்தத் திரை என்று கட்டளையிட இயலாது.

புனித அகுஸ்தினாரை எண்ணிப் பாருங்கள். அவர் காலத்தில் அவரைப்போல் பேசவல்லவர் அரியர். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, 430இல் இறக்கும்வரை, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ என்னும் துறைமுக நகரத்து மக்களுக்கே ஆயராக இருந்தார். சுருக்கெழுத்தாளர் எழுதி வைத்த அவருடைய மறையுரைகளில், மக்களின் ஆரவாரத்தையும் களைப்பையும் கண்டு அவர் பேச்சை நீட்டியதும் நிறுத்தியதும் இன்றும் தெரிகின்றன. அவர் எழுத்து உலகெங்கும் சென்றது. அவரோ தம் மக்கள் நடுவில் இருந்தார். நூல் தொலைவுக்குச் செல்லலாம், குரலும் செல்லலாம். அவ்வாறு செல்வதற்குப் பங்கு என்றும் மேய்ப்புப் பணி என்றும் பெயர் சூட்டுவதையே நாம் மறுக்கிறோம்.

முகம் மறைந்தபோது

மூன்றாவது காரணத்தை வரலாறே எழுதிவிட்டது. சியாட்டில் நகரில் 1996இல் தொடங்கிய மார்ஸ் ஹில் சபை, போதகர் மார்க் டிரிஸ்கலின் பேச்சாற்றலால் வளர்ந்தது. 2014இல் அதற்கு 5 மாநிலங்களில் 15 வளாகங்கள் இருந்தன; அவருடைய உரை காணொளியாகச் சென்றுகொண்டிருந்தது. அவருடைய அதிகாரப் போக்கைப் பற்றியும் உடன் பணியாளரை நடத்திய விதத்தைப் பற்றியும் குற்றச்சாட்டுகள் குவிந்தன. 2014 அக்டோபரில் அவர் பதவி விலகினார். அந்த மாதம் முடிவதற்குள் சபையே கலைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2015 ஜனவரி முதல் நாளோடு மார்ஸ் ஹில் என்னும் அமைப்பு இல்லாமற் போயிற்று. வளாகங்கள் சில தனிச் சபைகளாயின, சில மூடப்பட்டன. டிசம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று நடந்த விடைபெறும் வழிபாட்டிற்கும், கலிபோர்னியாவின் ரிக் வாரன் என்னும் புகழ்பெற்ற போதகர் காணொளி வழியாகவே உரையாற்றினார். சாவு வீட்டிற்கும் திரையே வந்தது.

சிகாகோ அருகிலுள்ள வில்லோ க்ரீக் சபையும் இத்தகையதோர் அதிர்ச்சியைக் கண்டது. 1975இல் அதைத் தொடங்கிய பில் ஹைபல்ஸ், பெண்கள் சிலர் முன்வைத்த குற்றச்சாட்டுகளை மறுத்தவாறே 2018 ஏப்ரலில் விலகினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவருக்குப் பின் பொறுப்பேற்றோரும் மூப்பர் குழுவினரும் விலகினார்கள்.

இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. சிறாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளாலும், அவற்றை மூடி மறைத்த பாவத்தாலும் தலைகுனிந்து நிற்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பிறர்மேல் கல்லெறியும் தகுதி இல்லை. நாம் சுட்டுவது ஒன்றையே. ஒரு பங்குக்குரு வழுவினால் அந்தப் பங்கு காயப்படும். ஆனால் அடுத்த பங்கு நிற்கும், காயப்பட்ட பங்கிற்கும் இன்னொருவர் அனுப்பப்படுவார். நாற்பது ஊர்களும் ஒரே முகத்தை நம்பியிருந்தால், அந்த முகம் மறையும் நாளில் நாற்பது ஊர்களும் ஒரே நேரத்தில் அனாதையாகும்.

அங்குள்ள போதகர் சிலரே இதை உணர்ந்துவிட்டார்கள். டெக்சஸ் மாநிலத்தின் வில்லேஜ் சர்ச், மேட் சாண்ட்லரின் உரையைக் காணொளியில் பல வளாகங்களுக்கு அனுப்பி வந்த பெரிய சபை. அது 2017இல், ஐந்தாண்டுகளுக்குள் தன் வளாகங்களைத் தனித்தனிச் சபைகளாக்குவதென்று முடிவெடுத்தது. நியூயார்க்கில் டிம் கெல்லர் வளர்த்த ரெடீமர் சபையோ, பல இடங்களில் கூடியபோதும் காணொளியை நாடாமல் போதகர்களையே நேரில் அனுப்பி வந்தது. 2017இல் கெல்லர் தலைமைப் பணியிலிருந்து விலகியபோது, தனித் தனிப் போதகர்களைக் கொண்ட மூன்று சபைகளாகப் பிரிந்தது. தம் முகத்தைப் பெருக்குவதை விடுத்து மேய்ப்பர்களைப் பெருக்க முற்பட்டவர்கள் இவர்கள். அந்த நாட்டில் சிலர் கைவிடத் தொடங்கியதை, நாம் புதுமை என்று வாங்கி வரப்போகிறோமா?

நமக்கும் கிளைகள் உண்டே!

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். “ஓர் ஆயர், நூறு பங்குகள், ஒரு பங்குக்குரு, ஆறு கிளை ஊர்கள். கத்தோலிக்கத் திருச்சபையே உலகின் மூத்த கிளைச் சபையன்றோ?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. விடையை ஐந்தாம் நூற்றாண்டு உரோமையில் தேடுவோம்.

அக்காலத்து உரோமை நகரில், திருத்தந்தை ஒரு பேராலயத்தில் பலி நிறைவேற்றும்போது நகரின் மற்ற ஆலயங்களில் அவருடைய குருக்கள் தத்தம் மக்களோடு இருந்தார்கள். எல்லாரும் ஒரே திருக்கூட்டம் என்பதை எப்படிக் காட்டுவது? திருத்தந்தை தாம் அர்ச்சித்த அப்பத்தின் துண்டுகளைப் பணியாளர் கையில் அந்த ஆலயங்களுக்கு அனுப்பினார். அதற்குப் ‘புளிப்பு’ என்று பொருள்படும் பெயரே வழங்கியது. 416ஆம் ஆண்டு திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட், குப்பியோ நகரத்து ஆயருக்கு எழுதிய மடலில் இதை விளக்குகிறார். தொலைவிலுள்ள ஆலயங்களுக்கு இந்த அப்பத்தை அனுப்புவதில்லை என்றும் அவர் சொல்கிறார்: திருப்பொருளை நெடுந்தொலைவு சுமந்து செல்வது முறையன்று, அங்குள்ள குருக்களுக்குத் தாமே பலி நிறைவேற்றும் உரிமை உண்டு.

இதன் பொருளைக் கவனியுங்கள். ஒன்றிப்பின் அடையாளமாக ஆயர் அனுப்பியது தம் முகத்தையன்று, கிறிஸ்துவின் உடலை. தொலைவு மிகுந்தபோது அவர் தம்மை நீட்டிக்கொள்ளவில்லை. அங்கே ஒரு குருவை நிறுத்தி, அவரை நம்பினார். நம் கிளைகளுக்கும் அந்தத் திரைக் கிளைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் முத்துக்குளித்துறைக்கும் இது தெரிந்த பாடம். 1542இல் வந்திறங்கிய புனித சவேரியார், ஒருவராக நின்று எத்தனை ஊர்களைக் காக்க முடியும்? திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகிறது என்று எழுதியவர் அவர். அவர் செய்தது என்ன? செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடமாக்கினார். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். மக்களைக் கூட்டி, செபம் சொல்லிக்கொடுத்து, ஆபத்து வேளையில் திருமுழுக்கும் கொடுக்க அந்த ஊரிலேயே ஒரு மனிதர் இருந்தார். நம் உபதேசியார்கள் அந்த வழிவந்தவர்கள். சவேரியார் போனபின்னும் கடற்கரை விசுவாசம் காத்தது என்றால், ஊருக்கு ஊர் ஒரு மனிதர் இருந்ததும் அதற்கொரு காரணம்.

நம் வீட்டுக் குற்றம்

இனி நம்மைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, திரைதான் நமக்குத் துணையாயிற்று. மழை நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் மார்ச் 27 அன்று நற்கருணை ஆசீர் வழங்கியதை வீட்டில் முழந்தாளிட்டுக் கண்ட நாளை நாம் மறக்கமாட்டோம். ஆனால் அடுத்த மாதமே, ஏப்ரல் 17 அன்று, அதே திருத்தந்தை எச்சரித்தார்: திரை வழியாக மட்டும் கூடும் நிலை ஓர் இக்கட்டுக் காலத்து ஏற்பாடு, அதுவே திருச்சபையன்று. 2002இல் இணையத்தைப் பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஏடும், இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது.

கதவுகள் திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்னும் எத்தனை வீடுகளில் ஞாயிறு திருப்பலி தொலைக்காட்சியிலேயே முடிந்துவிடுகிறது! காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்கைப் பாடலைக் கேட்பவரும், மறையுரை வந்ததும் வேறு அலைவரிசைக்குப் போய்வருபவரும் நம்மிடையே இல்லையா? ஆலயத்திற்கு வந்தும் உள்ளே இடமிருக்க மரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் திருப்பலி கேட்பவர்கள் எந்த அமெரிக்கரிடம் கற்றார்கள்? திரை வருமுன்னரே பார்வையாளராகிவிட்டவர்கள் நாம். திருவழிபாட்டைப் பற்றிய 1963ஆம் ஆண்டின் சங்க ஏடு, கிறிஸ்து திருப்பணியாளரிடத்தும், நற்கருணையிலும், அருட்சாதனங்களிலும், இறைவார்த்தையிலும், கூடிச் செபிக்கும் மக்களிடத்தும் பிரசன்னமாயிருக்கிறார் என்று கற்பிக்கிறது. அருகில் நிற்பவரிடத்தில் அவரைத் தேடாதவருக்குத் திரை ஒரு குறையாகவே தோன்றாது.

வர இயலாதவருக்கோ திரை ஓர் அருள். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், அவரைக் காக்கும் மகளுக்கும் தொலைக்காட்சித் திருப்பலி பெரும் ஆறுதல். கிறிஸ்து பிறப்பு இரவில் நோயால் எழ இயலாமற் கிடந்த புனித கிளாராவுக்கு, ஆலயத்தில் நடந்த வழிபாடு கட்டிலிலிருந்தபடியே காணக் கிடைத்தது என்பது மரபு. அதனாலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலி என்று அறிவித்தார். கிளாரா வர விரும்பியவர், வர முடியாதவர். அவருக்குக் கிடைத்த சலுகையை, வர முடிந்தும் வராத நாம் உரிமை கொண்டாடலாகாது. நோயாளிக்கும்கூடத் திரை போதாது. ஞாயிறு மாலையில் நற்கருணையோடு ஒருவர் அவர் வீட்டுப் படியேற வேண்டும்.

நாம் கேட்பது

திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது பொறுப்பாகாது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை திருப்பலி காணும் ஊருக்கு நாம் பதில் சொல்லவேண்டும்.

குரு இல்லாத ஞாயிறுகளுக்கென்றே 1988இல் வத்திக்கான் ஒரு வழிகாட்டு ஏட்டை வெளியிட்டது. பயிற்சி பெற்ற பொதுநிலையினர் இறைவார்த்தை வழிபாட்டை நடத்தவும் நற்கருணை வழங்கவும் அது இடமளிக்கிறது. அது திருப்பலிக்கு ஈடாகாது என்றும் எச்சரிக்கிறது. குரு தயாரித்துத் தரும் மறையுரையை அந்த ஊரார் ஒருவர் வாசிப்பதற்கும் வழி சொல்கிறது. “வாசிப்பதற்கும் திரையில் காட்டுவதற்கும் என்ன வேறுபாடு?” என்று கேட்கலாம். வாசிப்பவரை மறுநாள் காலை கிணற்றடியில் சந்திக்கலாம், “நேற்று வாசித்தீரே, உம் தம்பியோடு பேசினீரா?” என்று கேட்கலாம். திரையை யாரும் அப்படிக் கேட்க முடியாது. 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியை ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். நானூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் சவேரியார் அமர்த்திய கணக்கப்பிள்ளைகளுக்குக் கிடைத்த சிறப்பு என்றே நாம் அதைக் கொள்கிறோம்.

எனவே நம் வேண்டுகோள்கள் எளியவை. ஆயர்களிடம் கேட்கிறோம்: நகரத்தில் ஒரே ஆலயத்தில் குருக்கள் பலர் இருக்கையில், கிளை ஊர்களுக்கு ஞாயிறுகளைப் பங்கிட்டுத் தாருங்கள். பங்குத்தந்தையரிடம் கேட்கிறோம்: உபதேசியாரை மணியடிப்பவராக மட்டும் வைத்திராமல், அவரைக் கற்பியுங்கள், நம்புங்கள், வாழத்தக்க ஊதியம் தாருங்கள். அன்பியங்களைக் கூட்டக் கணக்கிற்காக நடத்தாமல், குரு வராத வாரங்களில் ஊரைத் தாங்கும் தூண்களாக்குங்கள். பொதுநிலையினராகிய நம்மிடமே கேட்கிறோம்: குரு இல்லை என்று குறைப்படும் நாம், நம் பிள்ளைகளுள் ஒருவர் இறையழைத்தலைப் பற்றிப் பேசினால் முகம் சுளிக்காதிருக்கிறோமா?

அன்றைய கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது. மூதாட்டியின் கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்: இல்லை அம்மா, திரையிலிருக்கும் சாமி உங்களைப் பார்க்கமாட்டார். உங்களைப் பார்க்க ஒருவர் வரவேண்டும். வரும்வரை உங்களோடு இருக்க உங்கள் ஊரிலேயே ஒருவர் வேண்டும்.

அந்த இளைஞருக்கும் ஒரு சொல். தம்பி, உங்கள் ஆர்வத்தை நாங்கள் இழக்க விரும்பவில்லை. ஆறு திரைகளுக்குத் திரட்டும் பணத்தில் ஆறு ஊர்களிலிருந்து ஆறு பேரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரிலிருந்து முதல் ஆளாக நீங்களே பெயர் கொடுங்கள்.